நூறு கொக்கு இருக்கும்வரை

கவலைப்படுகிற வேலையை எங்கள் ஊர் மொத்தமாக ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டது. மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறோம். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா, மழை வருமா, வந்தால் நிற்குமா, எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். அவர் பஸ் கண்டக்டர். நீர்த்தேக்கத்தின் கரையில், எங்கள் தெரு முடிகிற இடத்தில்தான் அவருடைய பஸ்ஸின் கடைசி நிறுத்தம். பொழுது சாயும்போது வண்டி வந்து நிற்கும். விடிந்ததும் அதே வண்டி நகரத்துக்குக் கிளம்பும்.

அவருடைய சர்வீஸில் ஒருநாள்கூடத் தலைக்கணக்கும் டிக்கெட் கணக்கும் முட்டிக்கொண்டதில்லை. அதுதான் அவருக்கு வினை. ஒருமுறை செக்கரிடம் மாட்டிக்கொண்டவனுக்கு மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும். அவன் பயம் அன்றோடு தீர்ந்தது. இவருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. செக்கர் ஏறுவார், எண்ணுவார், ஒரு தலை கூடுதலாக இருக்கும் என்று வருஷக்கணக்காக நினைத்து நினைத்து, வராத செக்கருக்கு யானையின் உடம்பையும் வக்கீலின் நாக்கையும் கொடுத்து வைத்திருந்தார். தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி அது எலி என்று நினைத்துப் பொறி வாங்கி வைத்தார்.

அந்தப் பல்தான் அவரைக் கொக்குகளிடம் கொண்டுபோய் விட்டது. தேய்ந்துபோன கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனார். பல் டாக்டர் பறவை ஆர்வலர் சங்கத்துக்கும் தலைவர். கண்டக்டரின் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார்.

“வடக்கே திரும்பிப் போற பெருங்கொக்கெல்லாம் உங்க டேம்ல தங்கிட்டுத்தான் போகும், தெரியுமில்ல? வழக்கமா எண்ணுற போஸ்ட்மாஸ்டர் மக வீட்டோட போயிட்டார். நீங்க கூட்டத்தைப் பார்த்ததும் எத்தனை தலைன்னு சொல்லுவீங்களாமே?”

“ஆங்,” என்றார் கண்டக்டர்.

“காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். உங்க பஸ் நேரத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.”

“ஆங் ஆங்,” என்று கண்டக்டர் தலையை ஆட்டப் பார்த்தார். மருந்து ஊசி உள்ளே இருந்ததால் ஆட்ட முடியவில்லை.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் டாக்டர். வெளியே வரும்போது கண்டக்டரின் கையில் மாத்திரைச் சீட்டோடு ஒரு பைனாகுலரும் இருந்தது.

கொக்கு என்றதும் வயலோரம் ஒற்றைக்காலில் நிற்கிற வெள்ளைக் கொக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இது சாம்பல் நிறம், நின்றால் ஆள் மார்புக்கு வரும். கூட்டமாகக் கத்தினால் நூறு கதவின் கீல் ஒரே நேரத்தில் முனகுகிற மாதிரி இருக்கும். பகலில் சுற்றுவட்டாரக் காடுகழனியில் சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்னும். பொழுது விழுந்தால் நீர்த்தேக்கத்தின் வால் பக்கம், கணுக்கால் அளவுத் தண்ணீரில் வந்து நின்றுகொண்டே தூங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் நாயும் நரியும் சத்தமில்லாமல் நெருங்க முடியாது. அந்தத் தூக்கம் அதற்கு முக்கியம். அடுத்து மலையைத் தாண்டியாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கொக்குகள் தங்குகிற அதே வசந்தத்தில்தான் மலையில் பனி உருகித் தண்ணீர் வரும். மதகை மூடினால் நீர்த்தேக்கம் நிறையும், எங்களுக்குக் கோடைக்குத் தண்ணீர். ஆனால் வால் பக்கம் ஆழமாகிவிடும், கொக்குகளுக்கு நிற்க இடம் இருக்காது. மதகைத் திறந்துவைத்தால் கொக்குகள் நிற்கும். எங்கள் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நூல் மாதிரி வரும். எத்தனையோ சண்டைக்குப் பிறகு ஊரும் சங்கமும் அணைக்கட்டு அலுவலகமும் ஒரு முடிவுக்கு வந்திருந்தன: நூறு கொக்குகள் இருக்கும்வரை மதகு திறந்திருக்கும், நூற்றுக்குக் கீழே போன அன்றைக்கு மூடப்படும். இதைப் பலகையில் எழுதி மதகின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள்.

ஆகமொத்தம், ஊரின் குடமும் கொக்கின் காலும் ஒருவருடைய எண்ணிக்கையில் தொங்கின. அந்த ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர்.

மதகு என்ஜினியர் அம்மாவைப் பார்க்க முதல் நாளே போனார்.

“நூறுக்குக் கீழ இறங்குற அன்னைக்கு ஒரு போன் போடுங்க கண்டக்டர். மறுநிமிஷம் மூடிடுறேன்.”

“சரிங்க மேடம். நான் சொல்ற நம்பரை யார் வந்து செக் பண்ணுவாங்க?”

“யாரு வருவா? நீங்க சொன்னா சொன்னதுதான்.”

அன்றைக்கு இரவு எலிச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததாக மனைவி சொல்கிறார்.

அவர் எண்ணுகிற முறை அவருக்கே உரியது. நீர்த்தேக்கத்தின் வாலை மனதுக்குள் பஸ்ஸாக்கிக்கொண்டார். நாணல் பக்கம் முன்சீட்டு, நடுத்திட்டு நடு வரிசை, பாறை ஓரம் பின்சீட்டு, தண்ணீரின் ஓரத்தில் தள்ளிக்கொண்டு நிற்பது ஸ்டாண்டிங். முன்னாலிருந்து பின்னாலே ஒருமுறை, பின்னாலிருந்து முன்னாலே ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது. ஒத்துப்போனாலும் மூன்றாவது, இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்திருந்தால் என்ன செய்வது? ஆரம்பத்தில் நானூற்றுச் சொச்சம் நின்றன. நாளாக ஆகக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. ஆனால் தெருவின் பொறுமை அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தது.

“தம்பி, இன்னைக்கு எத்தனை?” என்பார் எதிர்வீட்டு அக்கா, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

“நூத்தி எண்பத்தி ரெண்டு அக்கா.”

“நேத்தும் அதைத்தானே சொன்னே?”

“நேத்து நூத்தி எண்பத்தி மூணு.”

“அடேங்கப்பா, ஒண்ணு போயிடுச்சா! இந்த வேகத்துல போனா நான் அடுத்த ஜென்மத்துல தலைக்குக் குளிக்கலாம்.”

சலூன்காரர் வேறு வழி வைத்திருந்தார். “நீங்க எதுக்கு இவ்வளவு சிரமப்படணும்? நான் போய் ஒரு தகரத்தைத் தட்டுறேன். எண்ண வேண்டிய அவசியமே இருக்காது.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்டக்டர் அன்றிலிருந்து சலூன் வாசலில் தகரம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். பஸ்ஸுக்குள்ளும் நிம்மதி இல்லை. “ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கொக்கு குடுப்பா,” என்று டிக்கெட் கேட்பார்கள். பஸ் முழுக்கச் சிரிக்கும். டிரைவர் மட்டும் சிரிக்க மாட்டார், ஏனென்றால் அந்த வாசகத்தை முதலில் கண்டுபிடித்தது அவர்தான்.

வீட்டிலும் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதை விட்டிருந்தார். மனைவிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. இருபது பிள்ளைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டு வந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். “என்னங்க, உங்க கொக்கெல்லாம் குளிச்சு முடிச்சாச்சா? மிச்சம் இருந்தா ஒரு வாளி கேட்டு வாங்கிட்டு வாங்க.” கரைப் பக்கம் கூப்பிட்டால் வர மாட்டார். “எனக்கும் அதுங்களுக்கும் பேச்சு கிடையாது,” என்றார்.

ஒரு விடியற்காலையில் எண்ணிக்கை தொண்ணூற்று ஒன்று வந்தது.

முன்னாலிருந்து எண்ணினார். பின்னாலிருந்து எண்ணினார். கையைப் பைனாகுலரிலிருந்து எடுத்து சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். தொண்ணூற்று ஒன்று. சொன்னால் மூடிவிடுவார்கள், சொல்லாவிட்டால் ஊரை ஏமாற்றியதாகும். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் போனை எடுத்தார்.

“தொண்ணூத்தி ஒண்ணு மேடம்.”

“நிச்சயமா?”

அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவே கூடாது. ஆனாலும் “நிச்சயமா,” என்றார்.

சாயங்காலம் வண்டி திரும்பியபோது நிறுத்தத்தில் கூட்டம். கண்டக்டர் ஏதோ விபத்து என்று நினைத்தார். எதிர்வீட்டு அக்கா தலையில் ஈரத் துண்டு சுற்றி நின்றார். சலூன்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆயுசுக்கும் இலவசக் கட்டிங் என்றார், கண்டக்டருக்கு முன்பக்கம் முடி இல்லை என்பது தெரிந்தே. எல்லா வீட்டு வாசலும் நனைந்திருந்தது.

“தம்பி, இந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சு எனக்கு இடுப்பே போச்சு. ஒருத்தன் கை குடுத்ததில்ல,” என்றார் டிரைவர். “ஒரு போன் போட்டதுக்கு உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க.”

மனைவி பளிச்சென்று வந்து நின்றார். துணியெல்லாம் துவைத்துப் போட்டிருந்தார். மேலும் ஒரு வாளி நிறைய ஊறவைத்திருந்தார். “வாங்க, உங்க விருந்தாளிங்களை நானும் ஒருதரம் பாக்குறேன். இனிமே பேசலாம்.”

நூற்றுக்குக் கீழே போனாலும் கடைசிக் கொக்கு கிளம்பும்வரை எண்ண வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இருவரும் கரைக்குப் போனார்கள். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. முன்சீட்டு இருந்த நாணல் பாதிக்குமேல் மூழ்கிவிட்டது. கொக்குகள் ஒவ்வொரு கூட்டமாக வந்து, காலைத் தொங்கப் போட்டு இறங்கப் பார்த்து, மறுபடி மேலே ஏறிச் சுற்றின. இறங்கியவையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு பாறை ஓரமாக நகர்ந்தன. கண்டக்டர் எண்ணுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுங்க அதை,” என்று மனைவி பைனாகுலரை வாங்கினார். பிறகு, “அய்யோ, இதுக்குப் பாருங்க, தலை பழுப்பா இருக்கு. அதோ அங்கே ஒண்ணு. அம்மாவை உரசிக்கிட்டே நிக்குது. நம்ம காப்பகத்துல ஒண்ணு இருக்கு, இப்படித்தான், முந்தானையை விடாது.”

“அது குஞ்சு. போன வருஷம் பொறந்தது.”

“பதினாலு இருக்கு.”

“எது?”

“குஞ்சுங்கதான். பதினாலு. நீங்க சொன்ன தொண்ணூத்தி ஒண்ணுல இது பதினாலு போக மிச்சம் பெருசா?”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “குஞ்சை எதுக்கு எண்ணணும்?”

“என்னது?”

“அப்பா அம்மாவோடதானே வந்திருக்கு. அதுக்கு ஏது கணக்கு? மடியில இருக்குற பிள்ளைக்கு யாராவது டிக்கெட் போடுவாங்களா?”

சொல்லி முடிக்கும்போதே அவருடைய குரல் தேய்ந்தது. இத்தனை வருஷம் பஸ்ஸில் கண் தானாகவே தாண்டிப் போன தலைகள். கொக்கு விஷயத்திலும் கண் அவரைக் கேட்காமலே தாண்டிப் போயிருக்கிறது. முதல் நாளிலிருந்து.

“உயரத்துல அப்பனுக்குச் சமமா நிக்குது,” என்றார் மனைவி. “இது மடியில உக்காந்தா அம்மாக்காரி இடுப்பு என்னாகுறது?”

தொண்ணூற்று ஒன்றும் பதினான்கும். கூட்டுவதற்கு விரல்கூட வேண்டாம். இருந்தாலும் விரலை விட்டு எண்ணினார். நூற்று ஐந்து.

“யாருக்குத் தெரியும்?” என்றார் மனைவி, மெதுவாக. “துணி வேற ஊற வச்சிருக்கேன். நாளைக்குச் சொல்லிக்கலாமே.”

யாருக்கும் தெரியாது. செக்கர் வர மாட்டார். என்ஜினியர் அம்மா எண்ண மாட்டார். டாக்டர் நகரத்தில் யாருடைய வாயையோ பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்நாள் முழுக்க எவன் வந்துவிடுவானோ என்று பயந்த மனிதருக்கு, எவனுமே வரப்போவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பல் கிட்டியது. தண்ணீரில் ஒரு குடும்பம் இறங்கியது. பெரிசு இரண்டும் தொடைவரை நனைந்து நின்றன. நடுவில் நின்ற பழுப்புத் தலை இறக்கையை அடித்து எழும்பப் பார்த்தது, மறுபடி நின்றது, மறுபடி எழும்பியது.

“நாளைக்குள்ள நிக்க இடமே இருக்காது,” என்றார் கண்டக்டர். பிறகு நடக்க ஆரம்பித்தார். நடந்தவர் ஓடினார்.

டிரைவர் வண்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார்.

“அண்ணே, வண்டியை எடுங்க. மதகுக்குப் போகணும்.”

“அட்டவணையில இல்லையேப்பா.”

“தெரியும்.”

“செக்கர் வந்தா?”

“வரட்டும்.”

டிரைவர் எழுந்து வந்து அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். சூடு இல்லை. ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்து மனைவியும் ஏறிக்கொண்டார். வண்டி ரெண்டு தெரு தாண்டுவதற்குள் கண்டக்டர் அவருக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

“எனக்கா?”

“நீ பயணி.”

“இந்த லட்சணத்துல கொக்குக்கு மட்டும் இலவசம்,” என்றார் மனைவி.

என்ஜினியர் அம்மா சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்தார். கண்டக்டர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, அதைவிட மோசமாக, யோசனை இருந்தது.

“போர்டுல கொக்குன்னு போட்டிருக்கு. குஞ்சையும் சேர்த்துன்னு போடலையே கண்டக்டர். தொண்ணூத்தி ஒண்ணு நூறுக்குக் கீழதான். நான் மூடினது சரிதான்.”

இந்த வாதத்தைத்தான் கண்டக்டரே கரையில் சொல்லியிருந்தார். அது வேறொருவர் வாயில் கேட்க எவ்வளவு நியாயமாக இருந்ததோ அவ்வளவு கலக்கமாகவும் இருந்தது.

மனைவிதான் முன்னால் வந்தார். “மேடம், நான் காப்பகத்துல இருக்கேன். இருபது பிள்ளைங்க. சாயங்காலம் பத்தொன்பதுதான் இருக்குன்னு வைங்க. காணாமப் போனது ஆள்கணக்குல வராது, சின்னதுதானேன்னு அதோட அம்மாகிட்ட நான் சொல்ல முடியுமா?”

என்ஜினியர் அம்மா கையைப் பார்த்தார். சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. “திறந்தா காலையில ஊரே இங்க வந்து நிக்கும். எண்ணிக்கைப் பிழைன்னு போர்டுல எழுதி மாட்டணும். யாரோட பிழைன்னு எழுதட்டும்?”

“கண்டக்டர் பிழைன்னு எழுதுங்க,” என்றார் கண்டக்டர்.

“தெரு உங்களை உயிரோட விடுமா?”

“விடாது மேடம். அதையும் யோசிச்சிட்டேன்.” அவர் எதைத்தான் யோசிக்காமல் இருந்தார்?

கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவே பொத்தானை அழுத்தினார். மதகு கரகரவென்று மேலே போனது, கீழே தண்ணீர் இரைந்தது. டிரைவர் தலையைச் சொறிந்தார். “போச்சு. நாளைக்கு எனக்கும் சேர்த்துத்தான் அடி.”

ஆனால் மதகைத் திறந்த மாத்திரத்தில் வாலில் தண்ணீர் வடிந்துவிடாது. கரைக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது, பைனாகுலரில் தண்ணீரும் கொக்கும் ஒரே மை. சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இறங்கிவிட்டதற்கா, கிளம்புவதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் நிற்கவிடாமல் மனைவி இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எலிச் சத்தம் இல்லையாம். ஆள் தூங்கினால்தானே எலி வரும்.

விடிவதற்கு முன்னாலேயே இருவரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. வெளுக்க வெளுக்க, பாறை ஓரமாகச் சாம்பல் உருவங்கள் தெரிந்தன. அவர் பெரியவற்றை எண்ணினார், மனைவி சின்னவற்றை. உதடு மட்டும் அசைந்தது.

“எண்பத்தி ஒன்பது,” என்றார் அவர். “ரெண்டு குறையுது.”

“இருங்க.” மனைவி மறுபடி எண்ணினார். “பதிமூணு.”

“நாய்தான். நாய் பிடிச்சிருக்கும். தண்ணி ஏறினதுல கரைக்கு வந்திருக்கும், அப்படியே...”

“கொஞ்சம் வாயை மூடுங்க. பெருசுல ரெண்டு, சின்னதுல ஒண்ணு. அப்பா, அம்மா, பிள்ளை. நாய் பிடிச்சா ஒண்ணைப் பிடிக்கும். குடும்பத்தோடயா கூட்டிட்டுப் போகும்? கிளம்பிப் போயிருக்குங்க.”

கண்டக்டர் அப்படியே நின்றார். நேற்றுவரை அவர் எண்ணிய விதத்தில் எண்ணியிருந்தால் இரண்டு காணவில்லை என்பதோடு நின்றிருக்கும், ஆயுசுக்கும் அந்த இரண்டை நினைத்துப் பல்லைக் கடித்திருப்பார். பிள்ளையைச் சேர்த்ததால்தான் அது ஒரு குடும்பம் என்று தெரிந்தது. ஒரு கணம் அவர் முகம் தெளிந்ததாக மனைவி சொல்கிறார். ஒரு கணம்தான்.

“நூத்தி ரெண்டு,” என்றார். “நூறுக்கு மேலதான். மதகு திறந்திருக்கலாம்.” பிறகு வடக்கே மலையைப் பார்த்தார். “ஆனா ராத்திரி சரியாத் தூங்காமத்தான் கிளம்பியிருக்கும். நின்னு தூங்க இடம் இல்லாம. அந்தக் குஞ்சுக்கு அவ்வளவு தூரம் தம் இருக்குமா?”

தெருவின் பக்கம் முதல் குழாயில் காற்று சீறுகிற சத்தமும், பிறகு எதிர்வீட்டு அக்காவின் குரலும் கேட்டன. கண்டக்டர் எண்ணிக்கை சொல்லப் போனை எடுத்து என்ஜினியர் அம்மாவை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கண் மலையை விட்டு வரவில்லை.